மூன்று வரிக்குள் என்ன கோளாறு? குழந்தைகளின் ஹைக்கூவை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, இயற்கையைப் பற்றித் தமிழில் ஹைக்கூ எழுதச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹைக்கூ என்றால் என்ன என்ற பாடம் இதில் இல்லை. வகுப்பு எடுத்தாகிவிட்டது, நோட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. அங்கிருந்து தொடங்குகிறேன். உங்கள் வகுப்பு நோட்டில் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடி, அந்த இடத்தை மட்டும் படித்துக்கொண்டு போனாலும் போதும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரியைத் திருத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியும் பிள்ளை பார்த்த பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். "இந்த வரியை இன்னும் நல்லா எழுதலாமே" என்றால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். "அந்த ஓணான் தலையை மட்டும் ஆட்டிச்சா, உடம்பையும் சேர்த்து ஆட்டிச்சா?" என்றால் ஓணானைப் பார்க்க ஓடும். அது ஓடட்டும்.

"என்ன எழுதுறது டீச்சர்?"

பென்சில் சீவி முடிந்தது, மறுபடியும் சீவுகிறார்கள். ஒருவனுக்குத் தண்ணீர் குடிக்கப் போகவேண்டும். இன்னொருத்தி தலைப்பை மட்டும் அழகாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, பூவும் வரைந்துவிட்டாள்.

இது சோம்பல் இல்லை. "இயற்கை" என்ற தலைப்பு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளவுக்கு மீறிப் பெரியது. இடத்தைச் சுருக்கிக் கொடுங்கள். பழைய பிளாஸ்டிக் வளையல்கள் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் (கண்ணாடி வேண்டாம்). ஆளுக்கொன்று. மைதானத்தில் வீசச் சொல்லுங்கள். யாருடைய வளையல் எங்கே விழுந்ததோ அங்கேயே குந்தி, அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் ஐந்து நிமிடம் பார்க்கவேண்டும். நோட்டு, பென்சில் எதுவும் கையில் கூடாது. தொடவும் கூடாது.

முதல் நிமிடத்தில் எல்லாரும் சொல்வது, "வெறும் மண்ணுதான் டீச்சர் இருக்கு." பதில் சொல்லாமல் இருங்கள். இரண்டாவது நிமிடத்தில் எறும்பு வரும். மூன்றாவதில் ஒரு வேப்பங்கொட்டை கண்ணில் படும். திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் மூன்று சங்கதி கொண்டுவர வேண்டும்: அசைந்தது ஒன்று, காதுக்கோ மூக்குக்கோ எட்டியது ஒன்று, இதுவரைக்கும் கவனிக்காதது ஒன்று. அதை வாயால் சொல்லட்டும். எழுத்து வேகம் வராத பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுக்கலாம். இந்த மூன்று சங்கதியிலிருந்துதான் மூன்று வரி வரப்போகிறது, ஆனால் அதை இப்போதே சொல்லவேண்டாம்.

நடைமுறை விஷயங்கள்: காலை முதல் பாடவேளை நல்லது, மழை விட்ட மறுநாள் இன்னும் நல்லது. கல் குவியல், புதர், தேன்கூடு இருக்கும் மரம், காஞ்சொறி முளைத்திருக்கும் வேலியோரம் ஆகியவற்றை நீங்கள் முன்னால் போய்ப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "கிளாஸ் ஏன் வெளியில நிக்குது?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

வெளியே போகவே வழியில்லாத பள்ளி என்றால், பூச்சி அரித்த இலைகளைப் பை நிறையக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியே பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மலை, நடுவில் சூரியன்

ஓவியப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போடுகிற அந்தப் படம் தெரியும் அல்லவா? இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே நான்கு "வி" போட்ட பறவைகள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் மட்டுமே இருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இதே மலையைத்தான் போடும். அந்தப் படத்தை இப்போது வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள்:

மலையில் சூரியன்
ஓடும் ஆறு
பறக்கும் பறவை

குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத வரிகள். யாருடைய வரியும் இல்லை. இங்கே கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "இன்னைக்குக் காலையில வீட்டிலேருந்து வர்ற வழியில நீ பார்த்தது என்ன?" பெயரில்லாத பறவைக்குப் பெயர் கேளுங்கள். மைனாவா, கரிச்சானா, கொக்கா? பெயர் தெரியாவிட்டால் அது என்ன செய்தது என்று கேளுங்கள். "மாட்டு மேல உக்காந்து கூடவே போச்சு" என்று பதில் வந்தால், கவிதை பாதி வந்தாயிற்று.

நகரத்துப் பள்ளியில் இதே கோளாறு வேறு விதமாகப் பேசும்: "எங்க வீட்டுப் பக்கம் இயற்கையே இல்ல மிஸ்." அப்படியா என்று கேட்டு, பலகையில் ஒரு பட்டியல் போடுங்கள். ஏ.சி. வெளிப்பெட்டியின் பின்னால் புறா வைத்த கூடு. சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. ட்யூப் லைட்டைச் சுற்றும் ஈசல், காத்திருக்கும் பல்லி. தண்ணீர் லாரி போன தடத்தில் நிற்கும் குட்டையில் தெரியும் வானம். ஜப்பானில் இஸ்ஸா (1763–1828) இருபதாயிரத்துக்கும் மேல் ஹைக்கூ எழுதினார். அதில் ஈ, கொசு, தெள்ளுப்பூச்சி, நத்தை எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் உண்டு. கையையும் காலையும் தேய்த்துக்கொண்டிருக்கும் ஈயை அடிக்காதே என்று சொல்லும் கவிதை அவருடையதுதான். அதைச் சொன்ன அன்று வகுப்பில் இருக்கும் ஈக்களுக்குப் பெரிய மரியாதை கிடைக்கும்.

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்"

நம் பள்ளிகளில் மிக அதிகமாக வரும் அறிகுறி இது. ஹைக்கூ கேட்டால் முழக்கம் வருகிறது:

மரம் நமது நண்பன்
மரத்தை வெட்டாதே
மழை வராதே

பிள்ளை தப்பு செய்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். நாம்தான் இப்படிப் பழக்கியிருக்கிறோம். சுற்றுச்சுவர் முழுக்க இந்த வாசகம்தான். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் வாசகப் போட்டி, அதில் பரிசு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பொன்மொழி, கதை சொன்னால் கடைசியில் நீதி. மரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் "வெட்டாதே" என்று கை தானாக எழுதுகிறது. மதிப்பெண் வாங்கித் தந்த பழக்கம் ஒரு பாடவேளையில் போகாது.

அதனால் முழக்கத்தை அடிக்காதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தை "வாசகப் பக்கம்" ஆக்கி, அங்கே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"எந்த மரம்டா?"
"நம்ம ஸ்கூல் புளியமரம் டீச்சர்."
"இன்னைக்கு அது என்ன பண்ணிச்சு?"
"ஒண்ணும் பண்ணல. சும்மாதான் நின்னுச்சு."
"அதுக்கு அடியில?"
"சாப்பிடும்போது சோறு சிந்திருச்சு. எறும்பு தூக்கிட்டுப் போச்சு."
"எங்க?"
"வேருக்குள்ள."

இந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப சொன்னியே, அதை அப்படியே எழுது" என்று அனுப்பிவிடுங்கள். வருவது இப்படி இருக்கலாம்:

புளியமர நிழல்
சோற்றைத் தூக்கிக்கொண்டு எறும்பு
வேருக்குள் போகிறது

இதைப் பார்த்ததும் "எறும்புகளுக்குப் பந்தி" என்று ஒரு வரி சேர்க்க நம் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். அது நம்முடைய சாமர்த்தியம், பிள்ளை பார்த்தது அல்ல. பிள்ளை எறும்பைப் பார்த்தது, வேரைப் பார்த்தது.

இரண்டு வரி நன்றாக வந்து, மூன்றாவது வரியில் மட்டும் "ஆகவே மரம் காப்போம்" என்று திரும்பிவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் நோட்டில் மூன்றாவது வரியை உங்கள் உள்ளங்கையால் மூடி, முதல் இரண்டை மட்டும் சத்தமாகப் படியுங்கள். "கையை எடுக்கட்டுமா, வேணாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லும். அந்த இடத்தில் அதே நேரத்தில் பார்த்த இன்னொரு பொருளை வைக்கச் சொல்லுங்கள்.

சக ஆசிரியர் யாராவது நோட்டைப் புரட்டி, "இதுல கருத்து ஒண்ணும் இல்லையே சார்" என்பார். கருத்துக்குக் கட்டுரை நோட்டு இருக்கிறது.

எல்லாம் எதுகையில் ஓடுகிறது

குட்டி குட்டி அணிலே
சுட்டி சுட்டி அணிலே
எட்டி எட்டிப் பாரே

இது கோளாறே இல்லை, நல்ல பாட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பிவையுங்கள். ஆனால் இதில் அணில் என்ன செய்தது என்பதை ஓசை முடிவு செய்துவிட்டது. "ட்டி" வரவேண்டும் என்பதற்காக அணில் எட்டிப் பார்க்கிறது. உண்மையில் அது வேறென்னவோ செய்துகொண்டிருந்திருக்கும்.

தோழியிடம் கதை சொல்வதுபோல் அணில் செய்ததைச் சொல்லச் சொல்லுங்கள். "கொய்யாவைப் பாதி கடிச்சிட்டு அப்படியே வுட்டுட்டுப் போயிருச்சு." பாடும்போது வராத கொய்யா பேசும்போது வந்துவிடுகிறது.

பாதி கடித்த கொய்யா
கிளையில் ஆடுகிறது
அணிலைக் காணோம்

மோனை தானாக விழுந்தால் விழட்டும், விரட்ட வேண்டாம். தேடிப் போவதைத்தான் நிறுத்தவேண்டும்.

ஒரே வாக்கியம், மூன்று துண்டு

வேப்ப மரத்தில்
காகம் ஒன்று
உட்கார்ந்து இருந்தது

வரி மூன்று இருக்கிறது, ஆசிரியர் சொன்னதைக் கேட்ட பிள்ளைதான். ஆனால் இது சேர்த்து எழுதினால் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஜப்பானிய ஹைக்கூவில் நடுவே ஒரு வெட்டு உண்டு. அதற்கென்றே "யா", "கானா", "கெரி" போன்ற வெட்டுச்சொற்களை வைத்திருக்கிறார்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686-இல் எழுதிய தவளைக் கவிதையில் பழைய குளம் என்றதும் ஒரு "யா" வருகிறது. அங்கே குளம் நிற்கிறது, பிறகுதான் தவளை குதிக்கிறது. தமிழில் அப்படித் தனிச்சொல் நமக்குப் பழக்கமில்லை. சிறு கோடு போடச் சொல்லிக்கொடுத்தால், மறுநாள் நோட்டு முழுக்கக் கோடாக இருக்கும்.

கைதட்டல் நன்றாக வேலை செய்கிறது. பிள்ளை மூன்று வரியையும் படிக்கட்டும். படம் மாறும் இடத்தில் வகுப்பு ஒருமுறை கைதட்டவேண்டும். காகக் கவிதையைப் படித்தால் யாரும் தட்டமாட்டார்கள், தட்ட இடமில்லை. அப்போது கேளுங்கள்: "காகம் இருந்தப்ப, பக்கத்துல வேற என்ன இருந்துச்சு?" மரத்தைப் பற்றி அல்ல, காகத்தைப் பற்றியும் அல்ல, பக்கத்தில் இருப்பதைப் பற்றி.

வேப்பமரத்தில் காகம்
கொடியில் சொட்டுகிறது
என் பள்ளிச்சட்டை

முதல் வரி முடிந்ததும் கை தட்டுகிறார்கள். காகத்துக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவன் கேட்பான். காகம் சட்டையில் எச்சமிடப் போகிறது என்று ஒருவன் சிரிப்பான், இரண்டும் கறுப்பு வெள்ளை என்று ஒருத்தி சொல்வாள், இரண்டுமே வெயிலுக்குக் காத்திருக்கின்றன என்று இன்னொருத்தி. எதையும் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

"போல" நோட்டில் குவிந்தாலும் இதே சிகிச்சைதான். "நிலா, தோசை போல, வட்டம்" என்று எழுதியிருந்தால், "போல" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு இரண்டையும் அருகருகே வைக்கச் சொல்லுங்கள். நிலாவைப் பார்த்தபோது தோசை உண்மையாகவே அங்கே இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தது என்றால்:

அம்மா தோசை சுடுகிறாள்
ஜன்னலில்
முழுநிலா

இல்லை என்றால் தோசையை விட்டுவிட்டு, நிலாவுக்குக் கீழே எது இருந்ததோ அதைக் கொண்டுவரட்டும்.

மூன்றாவது வரியில் விடை

பச்சைப் பெட்டிக்குள்
வெள்ளை முத்துகள்
வெண்டைக்காய்

விடுகதை நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்திரிகையில் வரும் பெரியவர்களின் ஹைக்கூவிலும் மூன்றாவது வரியில் ஒரு "வெடி" வைக்கும் பழக்கம் உண்டு, அதுவும் சேர்ந்துகொள்கிறது. விடுகதையின் சுவாரசியம் விடை தெரிந்ததும் தீர்ந்துவிடும். அதனால் தலைகீழாகத் திருப்புங்கள்: விடையை முதல் வரியில் வை, இனி மறைக்க ஒன்றுமில்லை, மீதி இரண்டு வரிக்கு என்ன செய்வாய்? பிள்ளை திண்டாடும். அப்போது ஒரு வெண்டைக்காயைக் கையில் கொடுத்து நடுவே ஒடிக்கச் சொல்லுங்கள்.

ஒடித்த வெண்டைக்காய்
விரலுக்கும் அதற்கும் நடுவே
ஒரு நூல்

விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்

உதடு அசைகிறது, விரல் மடங்குகிறது, கண் மட்டும் எதையும் பார்க்கவில்லை. நோட்டில் "மிக மிக", "அந்த", "ஒரு", "நல்ல" என்று அடைப்புச் சொற்கள் நிறைந்திருந்தால் காரணம் 5-7-5 தான், அதாவது மூன்று வரிக்கும் முறையே ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணும் கணக்கு.

அந்தக் கணக்கு ஜப்பானிய ஒலியலகுக் கணக்கு. அங்கே நெடில் இரண்டு அலகு. சொல்லின் இறுதியில் வரும் "ன்" தனியாக ஓர் அலகு. நம் மாத்திரைக்கு ஓரளவு உறவுக்காரன் என்று சொல்லலாம், நம் எழுத்தோடும் அசையோடும் அது பொருந்தாது. மெய்யெழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று நான்காம் வகுப்பில் பஞ்சாயத்து வைத்தால் பாடவேளை முடிந்துவிடும். பாஷோவே பட்ட கிளையில் காகம் அமரும் கவிதையில் நடுவரியை ஏழுக்குப் பதில் ஒன்பதாக விட்டிருக்கிறார்.

தொடக்கப்பள்ளிக்கு நான் எண்ணிக்கை சொல்வதில்லை. மூன்று வரி, ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், அவ்வளவே. நீளம் சரியா என்று பார்க்க ஒரு வழி: மைதானத்தில் வாயால் சொன்னதை, வகுப்பறைக்குள் வந்து உட்காரும்வரை மறக்காமல் வைத்திருக்க முடிகிறதா? முடிந்தால் நீளம் சரி. நடுவில் எது உதிர்ந்துபோனதோ அது தேவையில்லாத சொல். 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்த பாரதியும் வியந்தது இந்தச் சுருக்கத்தைத்தான்.

எண்ணிக்கை கட்டாயம் வேண்டும் என்று ஏதாவது போட்டி விதி சொன்னால், முதலில் கவிதை வரட்டும், பிறகு எண்ணலாம்.

எல்லாம் அழகு

அழகான பூ, அழகான வண்டு, அழகான காலை. "அழகு"க்கு ஒரு வாரம் விடுமுறை என்று அறிவித்துவிடுங்கள், "இனிய"வுக்கும் சேர்த்து. அந்தச் சொல்லை எழுத வந்த இடத்தில், எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ அதை எழுதவேண்டும். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஊட்டிக்குப் போய்விட்டார்கள்

"சென்ற வருடம் நாங்கள் ஊட்டிக்குச் சுற்றுலா சென்றோம்" என்று மூன்று வரியில் ஒரு பயணக் கட்டுரை. வினைச்சொல்லை நிகழ்காலத்துக்கு மாற்றச் சொன்னாலே பாதி சரியாகும். "போகிறோம்" என்று எழுதியதும், எங்கே நிற்கிறோம், முன்னால் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்கே கேள்வி வரும்.

எப்போது நடந்தது என்றே தெரியவில்லை

தனித்தனியாக ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கும். முப்பது நோட்டையும் சேர்த்துப் படித்தால், ஜூலையில் எழுதியதா ஜனவரியில் எழுதியதா என்று தெரியாது. இந்தக் கோளாறை நாம் எளிதில் கவனிப்பதில்லை.

ஜப்பானில் ஹைக்கூவுக்குப் பருவச்சொல் ஒன்று இருக்கவேண்டும் என்பது மரபு. எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு என்று தொகுத்த நூல்களே உண்டு. அங்கே தவளை என்றால் வசந்தம், வெறுமனே நிலா என்றால் இலையுதிர் காலம். அந்தப் பட்டியலை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் செர்ரிப்பூவும் பனிப்பொழிவும் தூத்துக்குடிப் பிள்ளையின் நோட்டில் வந்து விழும். தவளை நமக்கு ஐப்பசி. நமக்கு இருக்கிற பட்டியலோ ஜப்பானியப் பட்டியலைவிடப் பழையது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதைத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. நிலத்துக்கு நிலம் பூவும் பறவையும் மரமும் கருப்பொருளாகவும் வைத்திருக்கிறது. தமிழாசிரியருக்கு இது புதுச் செய்தி இல்லை. பிள்ளைகளிடம் இலக்கணமாகச் சொல்லவேண்டாம், சுவரில் ஒரு சார்ட்டாக ஒட்டிவிடுங்கள். பன்னிரண்டு தமிழ் மாதம், ஒவ்வொன்றின் கீழும் காலியிடம். நிரப்புவது பிள்ளைகள்.

அவர்கள் கொண்டுவருவது ஊருக்கு ஊர் மாறும். ஆடியில் காற்று, பட்டம், கண்ணில் விழுந்த தூசி. ஐப்பசியில் ஈசல், மரவட்டை, மழை விட்டதும் மண்மேல் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சி. மார்கழியில் வாசல் கோலத்து நடுவில் பூசணிப்பூ, புல்நுனிப் பனி. மாசியில் புளியம்பழம், பங்குனியில் வெடித்துப் பறக்கும் இலவம்பஞ்சு. சித்திரையில் வேப்பம்பூ, சரக்கொன்றை. நுங்கும் மாம்பழமும் உச்சத்தில் இருக்கும் மே மாதம் பள்ளி விடுமுறை என்பதுதான் ஒரே வருத்தம். விடுமுறைக்கு முன்னால் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். ஜூனில் பாதி நோட்டுகள் தொலைந்துதான் போயிருக்கும், மீதிப் பாதி போதும்.

ஒவ்வொரு கவிதையிலும் மாதச்சொல் கட்டாயம் என்று விதி போட்டால் "ஆடி மாதத்தில்" என்று தொடங்கும் முப்பது கவிதை வரும். சார்ட் சுவரில் இருந்தாலே போதும், அது தானாக உள்ளே போய்விடும்.

எல்லார் நோட்டிலும் தவளை

பலகையில் நீங்கள் எழுதிப்போட்ட உதாரணம் இன்னும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நேற்றுத் தவளையைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்று முப்பது குளத்தில் முப்பது தவளை குதிக்கும். உதாரணம் சொன்னால் மூன்றாகச் சொல்லுங்கள், மூன்றும் வேறு வேறு பொருளாக, இப்போது கண்ணில் படாத பருவத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். படித்து முடித்ததும் பலகையைத் துடைத்துவிடுங்கள். அப்படியும் ஒரு பிள்ளை தவளையை எழுதினால், பக்கத்து வயலில் நேற்று இரவு அது கத்தியதா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கத்தியிருந்தால் அது அந்தப் பிள்ளையின் தவளை.

வாயில் வருவது தாளில் வரவில்லை

சொல்லும்போது: "தட்டான் வந்து கொடிக்கம்பி மேல உக்காந்துச்சா, கம்பி ஆடவே இல்ல டீச்சர்!" எழுதும்போது: "தும்பி ஒன்று அமர்ந்தது."

இங்கே இரண்டு பயம் சேர்ந்து வேலை செய்கிறது. ஒன்று, பேசுகிற தமிழை நோட்டில் எழுதக்கூடாது என்ற பயம். முதல் படியைப் பேச்சிலேயே எழுதவிடுங்கள். பிறகு வினைமுற்றை மட்டும் "உட்கார்ந்தது" என்று மாற்றலாம், பிள்ளை விரும்பினால். பெயர்களை மாற்றவே கூடாது. தட்டான் தட்டானாகவே இருக்கட்டும். ரயில்பூச்சியை மரவட்டை ஆக்கவேண்டாம். சில ஊர்களில் வண்ணத்துப்பூச்சியைப் பாப்பாத்தி என்பார்கள், அது அப்படியே நோட்டுக்கு வரட்டும். "கம்பி ஆடவே இல்ல" என்பதுதான் இங்கே கவிதை. அது தாளுக்கு வரும் வழியில் எங்கே விழுந்தது என்று தேடி எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று சிவப்பு மையின் பயம், இது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். மரங்கொத்தியைப் பார்த்த பிள்ளை "மரம்" என்று மட்டும் எழுதும், ஏனென்றால் மரம் என்று எழுதினால் தப்பு வராது. ர, ற, ல, ள, ழ, ந, ன, ண எல்லாம் அங்கே காவல் நிற்கின்றன. ஒரு வகுப்பின் ஹைக்கூவில் பூ, மரம், நிலா, மழை என்ற நான்கைந்து சொல்லே சுற்றிச் சுற்றி வந்தால், பார்வையில் குறை தேடுமுன் எழுத்துப்பிழைக்கு என்ன தண்டனை கொடுக்கிறோம் என்று பாருங்கள். முதல் படியில் பிழையைத் தொடாதீர்கள். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லின் எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். சுவரில் ஒட்டப்போகும் படியில் சரிசெய்துகொள்ளலாம்.

எழுதவே கற்றுக்கொண்டிருக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூடவே இருந்தால் அவர்களைச் சொல்லவிட்டு நீங்கள் எழுதுங்கள். சொன்னது சொன்னபடி.

நன்றாக இருக்கிறது, ஆனால்…

பத்து நோட்டைப் படித்தபிறகு எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தால், அந்த ஆள் நீங்கள்தான். "இங்கே ஒரு சொல்லை மாற்றினால்…" என்று தொடங்கி, மூன்று சொல் மாற்றி, வரி வரிசையும் மாற்றியிருப்போம். சோதிக்க எளிய வழி உண்டு. நோட்டை மூடிவிட்டுப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் தடுமாறுகிறதோ அந்தச் சொல் நம்முடையது. "மௌனம்", "ஏக்கம்", "கண்ணீர்" போன்றவை பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே வந்திருக்கும். எடுத்துவிட்டுப் பழைய சொல்லையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் சரி. வீட்டில் அப்பா எழுதிக்கொடுத்தது என்று சந்தேகம் வந்தாலும் இதே சோதனைதான். விசாரணை வேண்டாம், புதிதாக ஒன்று எழுத வளையலைக் கையில் கொடுங்கள்.

அச்சில் வந்ததும் கெட்டுவிட்டது

ஆண்டு மலருக்குக் கொடுத்தால் டி.டி.பி. சென்டரில் மூன்று வரியையும் இழுத்து ஒரே வரியாக்கி, நடுவில் காற்புள்ளி போட்டு, முடிவில் ஆச்சரியக்குறியும் சேர்த்து, மேலே "இயற்கை" என்று தலைப்பும் வைத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் செர்ரிப்பூப் படம் ஒன்றும் வரும். பிள்ளையின் கையெழுத்தையே ஸ்கேன் செய்து போடச் சொல்வது நல்லது. தட்டச்சுதான் என்றால் ஒவ்வொரு கவிதையையும் தனித் தாளில், வரிக்கு வரி இடைவெளியோடு கொடுங்கள். "தலைப்பு இல்லை, குறி சேர்க்க வேண்டாம், படம் வேண்டாம்" என்று மேலே எழுதுங்கள். புரூஃப் பார்க்க நீங்களே போங்கள், முடிந்தால் எழுதிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.